அக்யூட் என்றால் 'கடுமை' இல்லை

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அக்யூட்' என்று பார்த்ததுமே வீட்டில் பாதிப் பேருக்கு முகம் வெளுத்துவிடுகிறது. செய்திகளில் அதைக் 'கடுமையான' என்றே எழுதி எழுதிப் பழக்கிவிட்டார்கள். தப்பு. அக்யூட் காலத்தைச் சொல்லும் சொல்: திடீரென வந்தது, சில நாளோ சில வாரமோ இருப்பது. சாதாரண ஜலதோஷமும் அக்யூட்தான். கடுமையைச் சொல்ல 'சிவியர்' தனியாக இருக்கிறது. 'மைல்டு அக்யூட் பான்கிரியாட்டைட்டிஸ்' என்பதை 'லேசான கடுமையான கணைய அழற்சி' என்று எழுதிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

'கிரானிக்' என்றால் முற்றிய நோய் என்று ஒரு நினைப்பு. நாள்பட்டது, அவ்வளவுதான். எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும்: வயிற்றுப்போக்குக்கு 4 வாரம், சிறுநீரகக் கோளாறுக்கு 3 மாதம், ஹெபடைட்டிஸ் பி-க்கு 6 மாதம். அதனால்தான் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ரத்தக் கழிவு) ஒருமுறை கூடியதை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. (பிணி என்ற சொல்லுக்குக் கட்டு என்ற பொருளும் உண்டு. கிரானிக்குக்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.)

எனக்கு அதிகக் கோபம், ஹார்ட் ஃபெயிலியருக்கு எழுதும் 'இதயச் செயலிழப்பு' மேல்தான். கேட்பவர் இதயம் நின்றுவிட்டது என்றே நினைக்கிறார். ஹார்ட் ஃபெயிலியரில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ளத் திணறுகிறது. நின்றுபோவது கார்டியாக் அரெஸ்ட். ஹார்ட் அட்டாக் என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. ஒன்று மற்றதில் கொண்டுபோய் விடலாம், ஆனால் செய்ய வேண்டியது வேறு வேறு. அரெஸ்ட் என்றால் அந்த நொடியே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஃபெயிலியர் என்றால் மாத்திரை, உப்புக் குறைப்பு, தினமும் காலையில் எடை பார்ப்பது. சில நாளில் எடை மளமளவென ஏறினால் நீர் சேர்கிறது. 'இதயத் திறன் குறைவு' என்று எழுதினால் குடியா முழுகிவிடும்?

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டின் 'இ.எஃப். 35%' இன்னொரு வம்பு. இ.எஃப். என்பது இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. அதை நூற்றுக்கு 35 மார்க் மாதிரி படிக்கிறோம். நல்ல இதயமே ஒரு துடிப்பில் முழு ரத்தத்தையும் வெளியேற்றாது. இடது கீழறையில் 120 மில்லி நிரம்பி 70 மில்லி வெளியே போனால், இ.எஃப். 58%. அது நல்ல கணக்கு. 35 குறைவுதான், அதற்காக மீதி 65 சதவீதம் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. இ.எஃப். 60 இருந்தும் ஃபெயிலியர் வரும். சுவர் இறுகிப்போய், துடிப்புக்குத் துடிப்பு சரியாக நிரம்பாத இதயம் அப்படித்தான்.