கம்பியை மாற்று தம்பி, கிட்டாரைப் பிறகு பார்க்கலாம்

பேஸ் கிட்டார் (பாட்டுக்கு அடியில் தாழ்ந்த ஒலி கொடுக்கும் கிட்டார்) வாசிக்கிற பொடியன்களோடு கொஞ்ச நேரம் இருந்தால் போதும், பேச்சு சாமானில் போய் நிற்கும். நாலு கம்பியா ஐந்து கம்பியா, பட்டரி போடும் அக்டிவா, பட்டரி இல்லாத பசிவா, எந்த பெடல், ஒலியைப் பெருக்க எந்த அம்ப், லண்டன் மாமா வரும்போது எதைக் கொண்டுவரச் சொல்லலாம். அதே பொடியனின் கையில் இருக்கும் கிட்டாரை வாங்கிப் பார்த்தால் கம்பி கறுத்துப்போய், விரலில் துரு ஒட்டும். கழுத்து வளைந்து, கம்பி ஒரு முழம் மேலே நிற்கும். இதைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை. ஆகவே இன்றைக்கு நான் பேசுகிறேன். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமான் பைத்தியத்துக்கு ஒரு குலதெய்வம் உண்டென்றால் அது ஜோன் என்ட்விசில்தான். த ஹூ என்ற இங்கிலாந்து ரொக் குழுவின் பேசிஸ்ட், அதாவது பேஸ் வாசிப்பவர். பள்ளிக்கூட நாளில் ட்ரம்பெட்டும் பிரெஞ்ச் ஹோர்னும் ஊதியவர், முதல் பேஸைத் தானே பலகை வெட்டிச் செய்துகொண்டவர், வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கவர்ன்மென்ட் வேலையை விட்டுவிட்டு பாண்டில் வாசிக்கப் போனார். நம் வீடுகளில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. மேடையில் அதே குழுவின் டவுன்ஷெண்ட் கிட்டாரை உடைப்பார், கீத் மூன் ட்ரம்ஸை உதைத்துத் தள்ளுவார், டால்ட்ரி மைக்கை வயரோடு சுழற்றுவார். இவர் ஓரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்பார். விரல் மட்டும் ஓடும்.

அவர் வைத்திருந்த கிட்டார்களின் பட்டியலை எல்லாரும் ஒப்பிப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

1965இல் த ஹூவின் 'மை ஜெனரேஷன்' பாட்டுப் பதிவு. வழக்கமாக லீட் கிட்டாருக்குப் போகும் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, அந்தப் பாட்டில் பேஸுக்குக் கொடுத்தார்கள். என்ட்விசில் அதற்கென்று எடுத்தது டானெலெக்ட்ரோ என்ற அமெரிக்க பேஸ், விலையும் பெரிதல்ல. கம்பி மெல்லியது, பளீரென்று ஒலிக்கும். அந்த ஒலிதான் அவருக்கு வேண்டும். ஆனால் அவர் வாசித்த வேகத்துக்குக் கம்பி தாங்கவில்லை, அறுந்துவிட்டது. அந்தக் கம்பி இங்கிலாந்தில் தனியாகக் கிடைக்காது. மனுஷன் என்ன செய்தார்? கம்பிக்காக இன்னொரு டானெலெக்ட்ரோவையே வாங்கினார். அதுவும் அறுந்தது. இன்னொன்றும் வாங்கினார். கடைசியில் வெறுத்துப்போய் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் வாசித்து முடித்தார். இன்று நாம் கேட்பது அதைத்தான். மனதில் இருந்த ஒலி அந்தப் பதிவில் வரவில்லை.

அடுத்த வருடம், 1966இல், கம்பி செய்யும் ரோட்டோசவுண்ட் ஆலைக்கே நேராகப் போனார். அந்தக் காலத்து பேஸ்களில் பெரும்பாலும் தட்டையான உலோக நாடா சுற்றிய கம்பிதான். தடவினால் வழுவழுப்பாக இருக்கும், அடித்தால் 'டும்' என்று அமுங்கும். உருண்டைக் கம்பி சுற்றியதை அவர் ஏற்கெனவே வாங்கிப் பார்த்திருந்தார். மெல்லிய இரண்டு கம்பியும் சரி, ஈ, ஏ என்ற தடித்த இரண்டும் ஒழுங்காக அதிரவில்லை. ஆலைக்காரரோடு உட்கார்ந்து, செய்து பூட்டி அடித்துப் பார்த்து, திருத்தித் திருத்தி அவர்கள் கொண்டுவந்ததுதான் 'ஸ்விங் பேஸ் 66'. இன்றைக்கும் விற்கிறது. அதற்குப் பிறகு வந்த ரொக் பேஸ் ஒலியில் பாதி அந்தக் கம்பிக்குக் கடன்பட்டது என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் கொமெண்டில் வரலாம்.

கிட்டார் விஷயத்தில் அவர் அவ்வளவு ஆசாரம் பார்த்ததாகத் தெரியவில்லை. உடைந்த ஃபெண்டர்களின் பாகங்களைப் பொறுக்கி ஒன்றாகப் பூட்டி, அதற்கு 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று பெயரும் வைத்து மேடைக்குக் கொண்டுபோனார். நம் பொடியன்களோ தலைப்பகுதியில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் ஒலியையே கேட்கிறார்கள்.

அவரிடம் பின்பற்றக்கூடாத ஒன்றும் உண்டு. கீத் மூனின் ட்ரம்ஸுக்கு மேலே தன் சத்தம் கேட்க வேண்டும் என்று மார்ஷல் கம்பனியின் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கினார். டவுன்ஷெண்ட் விடுவாரா, அவரும் வாங்கினார். இவர் கூட்ட, அவர் கூட்ட, மார்ஷல் 100 வொட் அம்ப் செய்ய வேண்டி வந்ததே இந்தப் போட்டியால்தான். 1976இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 126 டெசிபல் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். பெருமைதான். ஆனால் பிற்காலத்தில் என்ட்விசிலுக்குக் காது போயிற்று. 2002 ஜூன் 27இல், சுற்றுப்பயணம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில் இறந்துபோனார். கொகெய்னும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. சில நாளிலேயே பினோ பலடினோ என்ற இன்னொரு பேசிஸ்ட் அவருடைய இடத்தில் நின்று வாசித்தார். சேர்த்துவைத்த கிட்டார்களெல்லாம் அடுத்த வருடம் லண்டன் சொதபீஸில் ஏலத்துக்குப் போயின.

"அப்போ ஜேம்ஸ் ஜேமர்சன்?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பார், தெரியும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பனியின் பாட்டுகளில் பேஸ் வாசித்த மேதை, கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பது ஊரறிந்த கதை. சரிதான். அவர் போட்டது தட்டைச் சுற்றுக் கம்பி. அவருக்கு வேண்டியதே அந்த அமுங்கிய ஒலி. பழகப் பழக அது மெருகேறும். உருண்டைச் சுற்று அப்படியல்ல. சுற்றுகளின் இடைவெளியில் வியர்வையும் அழுக்கும் ஏறினால் ஒலி செத்துவிடும். அதுவும் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கத்து வீடென்றால் உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காலி வீதிக்குக் கீழே, கடற்பக்கமாகக் குடியிருக்கிறவர்களின் ஃபேன், ஃபிரிட்ஜ், கிட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே தலைவிதி.

கம்பி விலை கூடிவிட்டது, உண்மை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, ஒரு செட் பேஸ் கம்பி வாங்குவதென்றால் வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது நாங்கள் செய்தது பழைய வைத்தியம்: கம்பியைக் கழற்றி, கொதிதண்ணீரில் சில நிமிடம் போட்டு, எடுத்து நன்றாகத் துடைத்துக் காயவைத்துப் பூட்டுவது. அழுக்கு போய்க் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். ஆனால் அது சமையல் காஸுக்கு வரிசை நின்ற காலம். "தேத்தண்ணி வைக்கவே காஸ் இல்லை, இவன் கம்பி அவிக்கிறான்" என்று அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொன்னார்.

காசே செலவாகாத வேலையும் இருக்கிறது. ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு. ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து நலம். விரலே நுழைந்தால் ட்ரஸ் ரொட்டை, அதாவது கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டை, இறுக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். பயமாக இருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் வாசித்து முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள். ஜாக் குத்தியிருக்கும்வரை உள்ளே 9 வோல்ட் பட்டரி கரைந்துகொண்டே இருக்கும். அப்புறம் மேடையில் வந்து "கிட்டார் பழுது" என்பார்கள்.

இனி மண்டபக்காரர்களிடம். கொழும்பில் ரொக் மட்டும் வாசித்து யாரும் சோறு தின்பதில்லை. ரொக் பேசிஸ்டுக்கும் வரும்படி கல்யாண ரிசெப்ஷனில்தான். பைலா என்ற நம் ஆட்டப் பாட்டின் ஆறெட்டுத் தாளம் கையில் இல்லாதவன் பட்டினிதான். அந்த ரிசெப்ஷனில் காசு இடித்தால் முதலில் வெட்டப்படும் ஆள் பேசிஸ்ட். "கீபோர்ட்காரர் இடது கையால் சமாளிப்பார் தம்பி." இளையராஜா பாட்டில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். அதை இடது கையின் இரண்டு விரலால் சமாளிக்க முடியுமென்றால் செய்து காட்டுங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "போனில் எடுத்த வீடியோவில் பேஸ் கேட்கவே இல்லையே, பிறகு எதுக்கு ஆள்?" என்றார். ஐயா, திறந்த ஈ கம்பி 41 ஹேர்ட்ஸ், அவ்வளவு தாழ்ந்த ஒலி. போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. மண்டபத்தில் ஆடியவர்களின் காலைக் கேளுங்கள்.

பேஸ் எடுபடவில்லை என்றால் பாதி நேரம் குற்றம் வயரில். பசிவ் கிட்டாரை நேரே மிக்சரில் குத்தினால் ஒலி மெலிந்து வரும், கேபிள் நீளமென்றால் இரைச்சலும் கூடவே வரும். நடுவில் ஒரு டிஐ பொக்ஸ் வேண்டும், கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி. பூ அலங்காரத்துக்குக் கொட்டும் காசில் ஒரு மூலை போதும் அதற்கு. சரி, அதையும் வாங்க வேண்டாம், என்னுடையதை நானே கொண்டுவருகிறேன். மேடைப் பக்கம் எர்த் உள்ள ஒரு பிளக் பொயிண்ட் மட்டும் வையுங்கள், பாட்டு நடுவில் யாரும் அதைக் கழற்றி மாப்பிள்ளைக்கு ஃபேன் போடக்கூடாது.