லத்தீன் வேர்ப்பட்டியலை உருப்போடுவோர் கவனத்திற்கு

போட்டித் தேர்வு அறிவிப்பு வந்தால் போதும், லத்தீன் வேர்ச்சொல் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வலம்வரத் தொடங்கிவிடும். நூறு வேர்களை உருப்போட்டால் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் தாமாக வசப்படுமாம். வேர் வழியாகப் படிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதைச் சர்வரோக நிவாரணியாக விற்பதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. அறிந்த சொல் மனத்தில் தங்க வேர் உதவும். அறியாத சொல்லை ஊகிக்க அதை நம்பினால், பல நேரம் காலை வாரிவிடும்.

ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. பிரெஞ்சோ லத்தீனின் பிள்ளை. போதாக்குறைக்கு 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரடியாகவே சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்று ஆங்கில அகராதியில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வழிகளில் வந்த சரக்குதான்.

'ஜெக்ட்' என்ற வேரை எடுத்துக்கொள்வோம். எறிதல் என்று பொருள். இன்ஜெக்ட் என்றால் உள்ளே செலுத்து; எஜெக்ட், வெளியே தள்ளு; ரிஜெக்ட், திருப்பி எறி. ப்ரொஜெக்டர் படத்தை முன்னே திரையில் வீசுகிறது. இதுவரை வகுப்பே கைதட்டும். அடுத்து சப்ஜெக்ட். 'சப்' என்றால் கீழே. ஆக, கீழே எறியப்பட்டது. இதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை 'பாடம்' என்ற பொருளைக் கண்டுபிடிக்கும்? (கணக்குப் பாடத்துக்குப் பொருந்துகிறது என்று சிலர் சொல்லக்கூடும்.) மன்னனுக்குக் கீழ்ப்பட்ட குடி என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. பேச்சுக்கும் ஆய்வுக்கும் அடியில் கிடக்கும் விஷயம் என்ற பொருள் இன்னொரு கிளை. இதைத் தெரிந்துகொண்டவனுக்குச் சொல் மறக்காது. தெரியாதவனுக்கு 'ஜெக்ட்' ஒரு வழியும் காட்டாது.

பட்டியல்காரர்கள் சொல்லாமல் விடும் குழிகளும் உண்டு. பெடஸ்ட்ரியனில் வரும் 'பெட்' லத்தீன். பாதம் என்று பொருள். பீடியாட்ரிக்ஸில் வருவது கிரேக்கம். குழந்தை என்று பொருள். அமெரிக்க எழுத்துக்கூட்டலில் இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. குழந்தை மருத்துவத்தைக் கால் வைத்தியம் ஆக்கிவிட்டு வருகிற மாணவனை எப்படிக் குறைசொல்வது? இன்னும் மோசமானது 'இன்'. டேங்கர் லாரியின் பின்புறம் சிவப்பு எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பார்கள். 'இன்' என்றால் 'இல்லை' என்று மனப்பாடம் செய்தவர் அதைத் தீப்பிடிக்காதது என்றுதான் படிப்பார். அங்கே இருப்பது வேறு 'இன்'. எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதே பொருள்.

இந்தப் பட்டியல்களில் நம் வீட்டுப் புழக்கச் சொல் ஒன்றுகூட இருப்பதில்லை என்பது என் அடுத்த குறை. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்த லத்தீன்தான். சாவியின் மூலம் 'கிளாவிஸ்'. போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் பூட்டிய அறைக்குள் கூடுவதைக் கான்கிளேவ் என்கிறார்களே, அதற்குள் இருப்பது இதே சாவி. காறை எலும்பின் ஆங்கிலப் பெயரான கிளாவிக்கிளும் 'சின்னச் சாவி'தான். அலமாரி முதலில் ஆயுதம் வைக்கும் பேழையாக இருந்தது. ஆர்மி என்ற சொல்லுக்கு உறவு. ஜன்னலுக்கும் வாயில்காக்கும் ஜேனிட்டருக்கும் ஒரே மூதாதை, கதவைக் குறிக்கும் லத்தீன் சொல். தமிழ்ப் பிள்ளைக்கு வேர் சொல்லித்தர விரும்புகிறவர் இங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்?

பேச்சு ஆங்கிலத்துக்கு இந்தப் பட்டியல் அவ்வளவாகக் கைகொடுக்காது. போஸ்ட்போனை 'பின்னால் வை' என்று பிரித்துக் கற்ற பிள்ளை, அதே பொருள் தரும் 'புட் ஆஃப்' என்றால் விழிக்கிறது. பொறுத்துக்கொள் என்பதற்கு டாலரேட் தெரியும், 'புட் அப் வித்' தெரியாது. புட், கெட், டேக் போன்ற சின்னஞ்சிறு ஜெர்மானியச் சொற்கள் ஆஃப், அப், ஓவர் எனச் சேர்ந்து கொண்டு ஆடும் ஆட்டம் கேட்டும் படித்தும்தான் பழகும். ஆனால் தேர்வில் மதிப்பெண் லத்தீனுக்கு. நேர்முகத் தேர்வில் திணறுவது இங்கே.

வேரைப் பிரித்துக் கோப்பதில் நாம் சளைத்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்போனைத் திருப்பிப்போட்டு, முன்கூட்டியே நடத்துவதற்கு ப்ரீபோன் என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் புழங்கவிட்டவர்கள் இந்தியர்கள்தாம். ஆக்ஸ்போர்டு அகராதியும் அதைச் சேர்த்துக்கொண்டது. அது பட்டியலை உருப்போட்டவர் செய்த வேலையாக இருக்காது என்பது என் ஊகம். கூட்டத் தேதியை மாற்றி மாற்றி அலுத்துப்போன யாரோ ஒரு அலுவலக எழுத்தராகத்தான் இருக்கும்.