மூலைக்கு மூலை ஒரு நூல்

போன மாதம் பக்கத்து வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் போட்டார்கள். பத்து அங்குலக் கல். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 18. சும்மா அடுக்கிவைத்துவிட்டு, மூலை மட்டம் சரியா என்று பார்க்கக் கொத்தனார் மூலைக்கு மூலை நூல் பிடித்தார். "அப்பா, நூலு எத்தனை கல்லு மேல போகுது?" என்றாள் ஏழாவது படிக்கிற என் மகள்.

நான் பத்தொன்பது வருடமாகக் கணக்கு வாத்தியார். கல்லும் கல்லும் சேர்கிற ஒரு கோட்டைத் தாண்டினால் ஒரு புதுக் கல். குறுக்கே 11 கோடு, நெடுக்கே 17, ஆரம்பக் கல் ஒன்று. "29" என்றேன், போனிலிருந்து நிமிராமலே. அவள் குத்தவைத்து எண்ணிவிட்டு 24 என்றாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் எண்ணினேன். 24தான்.

இதே கணக்கை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். எனக்குக் கருத்தாளர் வேலை, அதாவது பயிற்சி நடத்துகிறவர்; தலைப்பு 'சிக்கல் தீர்க்கும் திறன்'. வழக்கமாக அங்கே என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். 1945-ல் கணித அறிஞர் போல்யா சொன்ன நாலு படி: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். திரையில் காட்டுவார்கள், நோட்டில் எழுதிக்கொள்வோம், டீயும் பிஸ்கட்டும் வரும். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதுதான் முக்கிய நோக்கம் என்று 2005 தேசியக் கலைத்திட்டமே சொல்லியிருக்கிறது. அதையும் ஸ்லைடில் போட்டு மனப்பாடம் பண்ண வைத்துவிட்டோம்!

நான் ஸ்லைடு போடவில்லை. கணக்கை மட்டும் பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். முதல் கேள்வி: "இது எந்தப் பாடத்துல வருது சார்?" இன்னொருவர் பிதாகரஸ் போட்டு, வர்க்கமூலம் 468, கிட்டத்தட்ட 21.6, ஆகவே 22 கல் என்றார். நூலின் நீளம் வேறு, அது தொடுகிற கல் வேறு என்று அவரே கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

தேவகோட்டைப் பக்கத்து தொடக்கப்பள்ளி டீச்சர் ஒருவர் தயங்கிக்கொண்டே, "சின்னதா வரஞ்சு பாக்கலாமா?" என்றார். கட்டம் போட்ட நோட்டில் 3க்கு 4 போட்டால் 6. 3க்கு 5 போட்டால் 7. கூட்டி ஒன்றைக் கழித்தால் சரியாக வருகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்து 2க்கு 4: ஐந்து வரவேண்டும், நாலுதான் வந்தது. ஹால் அமைதியாகிவிட்டது. நூல் ஒரு கட்டத்தின் மூலையிலேயே நுழைந்து போனால் இரண்டு கோட்டையும் ஒரே நேரத்தில் தாண்டிவிடுகிறது, அங்கே ஒரு கல் குறைகிறது என்று பிடித்தார்கள். 12க்கு 18-ல் நடுவே அப்படி 5 இடம். 29-ல் 5 போனால் 24. "அட, மீப்பெரு பொதுக் காரணி!" என்று பின்வரிசையிலிருந்து சத்தம். 12க்கும் 18க்கும் அது 6; கடைசி மூலையை விட்டால் நடுவே 5. ஆறாம் வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான்.

என் கட்சி இதுதான்: தானே முட்டிக்கொண்டு நிற்காத வாத்தியார், முட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் பொறுமையாக இருக்க மாட்டார். ரெண்டு நிமிஷத்தில் சூத்திரத்தைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். நானும் கெடுத்தவன்தான். நம் செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்தியபோது வட்டிக் கணக்கை வகுப்பு வைத்தா சொல்லிக்கொடுத்தார்கள்? கடையின் கடைசி ஆளான பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்கள். பேரேட்டில் தப்பு விட்டு, திட்டு வாங்கி, அடுத்தாளாகி, மேலாளானார்கள். (அந்தத் திட்டை மட்டும் விட்டுவிடலாம்.)

"பாடத்தை முடிக்க நேரமில்லையே" என்பார்கள். நியாயம்தான், எனக்கும் அதே நெருக்கடி. அதனால் வாரம் முழுக்க வேண்டாம், மாதம் ஒரு மதியம் கேட்கிறேன். பயிற்சியிலும் அப்படியே: ஒரு கணக்கு, மூன்று மணி நேரம், கருத்தாளருக்கும் விடை தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது.

போன வாரம் அந்த டீச்சர் போன் செய்தார். வகுப்பில் இதைக் கொடுத்திருக்கிறார். ஒரு பையன், "நூலு தடியா இருந்தா மூலையில பக்கத்துக் கல்லையும் தொடுமே டீச்சர், அதையும் எண்ணணுமா?" என்று கேட்டானாம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"தேர்க் கயிறு மாதிரி ஒண்ணு வீட்ல இருந்தா எடுத்துட்டு வாடான்னு சொல்லியிருக்கேன் சார்."