டிரான்ஸ்மிட்டர் வந்தது, ரேடியோ வரவில்லை

என் தம்பி புதிதாக வாங்கிய காரில், பாட்டுக் கேட்கும் திரையில் ஏஎம், எஃப்எம் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் டிஆர்எம் என்று இன்னொரு பெயரும் இருந்தது. வண்டியை எடுத்த விற்பனைக்கூடத்தில் அது என்னவென்று கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தாம்பரத்தைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாலையில் நான்தான் அதைத் தொட்டுப் பார்த்தேன். உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் போகும்போது மத்திய அலை (ஏஎம்) வானொலி எப்படி இரையும் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். அன்று அதே கம்பிகளுக்கு அடியில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதுபோல, சென்னை வானொலியின் அறிவிப்பாளர் குரல் கேட்டது. நிலையத்தின் பெயர் திரையில் எழுத்தாக வந்தது. டிஆர்எம் என்பது டிஜிட்டல் ரேடியோ மொண்டியல், மத்திய அலையிலேயே டிஜிட்டலாக ஒலிபரப்ப உதவும் முறை. நாற்பது ஆண்டுகளாக வானொலி கேட்டு வருபவன் நான். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைவிட, இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்ற வருத்தமே பெரிதாக இருந்தது.

டிஜிட்டல் வானொலி நமக்குத் தேவையா, உள்ளூர் நேயருக்கும் சிறிய நிலையங்களுக்கும் அதனால் பயன் உண்டா என்ற கேள்விக்கு என்னுடைய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரந்த நிலப்பரப்பையும் கடலையும் எட்ட வேண்டிய மத்திய அலை ஒலிபரப்புக்கு அது மிகவும் பயனுள்ளது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எல்லைக்குள் இயங்கும் சமுதாய வானொலிக்கு இன்றைய நிலையில் அது பயனற்ற செலவு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் பல ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆகாசவாணி டிஆர்எம் முறையைத் தேர்ந்தெடுத்து, நாடு முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை அதற்கேற்ப நிறுவியது. சென்னையில் 720 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரும் அவற்றுள் ஒன்று. இதன் நன்மைகள் உண்மையானவை. ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம், கூடவே எழுத்துவடிவச் செய்திகளையும் அனுப்பலாம், முழுவதும் டிஜிட்டலாக ஒலிபரப்பினால் மின்செலவும் கணிசமாகக் குறையும். வீட்டுக்கு வீடு எல்இடி விளக்கும், இன்வெர்ட்டரும், செல்போன் சார்ஜரும் வந்த பிறகு, பழைய மத்திய அலையை வீட்டுக்குள் கரகரப்பில்லாமல் கேட்பது அரிதாகிவிட்டது. அந்த இரைச்சலைக் கடந்து வரும் வழி ஒன்று கையில் இருக்கும்போது, மத்திய அலையின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கோபுரங்களை இறக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் கேட்பதற்குக் கருவி எங்கே? சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு மாலை முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினேன். சில நூறு ரூபாய்க்குப் பண்பலை ரேடியோ தாராளமாகக் கிடைக்கிறது. டிஆர்எம் ரேடியோ என்று கேட்டால், அப்படி ஒன்று இருப்பதாகவே கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. இணையத்தில் தேடிப் பிடித்தாலும் விலை ஆயிரக்கணக்கில் நிற்கிறது. கேட்பவர் இல்லாததால் வியாபாரி வரவழைப்பதில்லை. கடையில் இல்லாததால் யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கை பெருகாததால் விலையும் இறங்குவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியது ஒலிபரப்பும் அரசு ஒன்றுதான். பள்ளிகளுக்கும், ஊராட்சி அலுவலகங்களுக்கும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மொத்தமாகக் கருவிகள் வாங்குவதாக அரசு உறுதி சொல்லியிருந்தால், உள்நாட்டிலேயே மலிவு விலையில் செய்து தர உற்பத்தியாளர்கள் முன்வந்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டிரான்ஸ்மிட்டருக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்துவிட்டு, அதைக் கேட்கும் பெட்டியைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படைப் பிழை. கார் நிறுவனங்கள் தாமாக முன்வந்து லட்சக்கணக்கான வண்டிகளில் இந்த வசதியைப் பொருத்தின என்பது நல்ல செய்திதான். ஆனால் வானொலி மிகவும் தேவைப்படுகிற மனிதர்கள் காரில் போகிறவர்கள் அல்லர்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே டிரான்ஸ்மிட்டரில் பழைய முறையையும் டிஜிட்டலையும் சேர்த்து அனுப்பும்போது, ஆற்றல் இரண்டுக்கும் பங்கு பிரிகிறது. முழு டிஜிட்டலுக்கு மாறினால், பழைய டிரான்சிஸ்டரில் வெறும் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். கருவி கைக்கு வருவதற்கு முன்பே அலையை மாற்றினால், புது நேயர் வந்து சேருவதற்குள் பழைய நேயர் போய்விடுவார். நார்வே 2017 ஜனவரியில் தொடங்கி டிசம்பருக்குள் தேசிய அளவிலான பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி டிஏபி என்ற வேறொரு டிஜிட்டல் முறைக்கு மாறியது; ஆனால் அந்த நாடும்கூடப் பெருநகரங்களுக்கு வெளியே இருந்த சிறிய உள்ளூர் நிலையங்களைப் பண்பலையிலேயே தொடர விட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31 அன்று பண்பலையை நிறுத்தியது. பல ஆண்டுகள் முன்னறிவிப்புச் செய்து, கடைகளில் டிஜிட்டல் கருவிகள் நிறைந்திருந்த நாட்டிலேயே அதன் பிறகு நேயர் எண்ணிக்கை வெளிப்படையாகச் சரிந்தது. கருவியே கிடைக்காத நம் ஊரில் அப்படி ஓர் அவசரம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சமுதாய வானொலிக்கு வருகிறேன். பாம்பனிலிருந்து மீனவ மக்களுக்காக ஒலிபரப்பாகும் கடல் ஓசை, நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியிலிருந்து ஒலிக்கும் களஞ்சியம் போன்ற நிலையங்கள் நம் கடலோரத்தில் இருக்கின்றன. இவற்றுக்கு அனுமதிக்கப்படும் டிரான்ஸ்மிட்டர் பொதுவாக 50 வாட்; கோபுரம் முப்பது மீட்டருக்கு மேல் போகக் கூடாது; சில கிலோமீட்டர் தூரமே எட்டும். காற்றின் வேகம், அலையின் உயரம், அரசு அறிவிப்பு, அந்த ஊர்க்காரரே பாடிய பாட்டு எல்லாம் அந்த ஊர்ப் பேச்சிலேயே வரும். கேட்பவர் கையில் இருப்பது மலிவான பண்பலைப் பெட்டி அல்லது பொத்தான் வைத்த சாதாரண செல்போன். இப்படிப்பட்ட நிலையத்தில் புதிய டிரான்ஸ்மிட்டரும் ஒலியை டிஜிட்டலாக மாற்றும் குறியாக்கக் கருவியும் வாங்கி வைக்கச் சொன்னால், நிகழ்ச்சி தயாரிக்கும் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மாதச் சம்பளத்தில்தான் அந்தப் பணத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஐரோப்பாவின் டிஏபி முறையில் பல நிலையங்கள் ஒரே கூட்டு அலைவரிசையில் இடம் பிடிப்பதால், சொந்தக் கோபுரம் வைத்திருந்த சிறு நிலையம் வேறொருவரின் கோபுரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் நிலையும் வருகிறது. இந்தக் குறையைச் சரிசெய்யப் பிரிட்டனில் ஒரு வழி கண்டார்கள். சாதாரணக் கணினியையும் இலவச மென்பொருளையும் கொண்டு, ஓர் ஊர் அளவுக்கு மட்டும் எட்டுகிற சிறிய டிஏபி அமைப்பை முதலில் பிரைட்டனில் சோதித்து, 2015-ல் பத்து இடங்களுக்கு விரிவாக்கினார்கள். ஆனால் அங்கே அந்த நேரத்தில் வீடுகளில் டிஜிட்டல் ரேடியோ ஏற்கெனவே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது தனியார் பண்பலையையும் டிஜிட்டலுக்குக் கொண்டுவரும் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-லேயே இதுபற்றிப் பரிந்துரைகள் தந்தது. 2025 அக்டோபரில் மீண்டும் விரிவான பரிந்துரைகளை வெளியிட்டது. ஒரே அலைவரிசையில் பழைய பண்பலை ஒன்றும் டிஜிட்டல் நிகழ்ச்சி வரிசைகள் மூன்றும் சேர்ந்து வரலாம் என்பதும், சென்னை உட்பட நான்கு பெருநகரங்களிலும் அடுத்த நிலையிலுள்ள ஒன்பது நகரங்களிலும் இதைத் தொடங்கலாம் என்பதும் அதன் சாரம். பழைய பண்பலையை உடனே நிறுத்தச் சொல்லாததை நான் வரவேற்கிறேன். எனக்குள்ள கவலை வேறு. சென்னையில் இன்று எந்த நிலையத்தைத் திருப்பினாலும் பெரும்பாலும் ஒரே திரைப்பாடல், ஒரே சிரிப்பு, ஒரே விளம்பரம். இதற்குக் காரணம் அலைவரிசைப் பற்றாக்குறை மட்டும் அன்று. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை எடுத்துத் தரலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் அதே தடை. தெருவில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று உள்ளாட்சி உறுப்பினரிடம் கேட்டு அதைச் செய்தியாகச் சொல்லும் உரிமை ஊர் வானொலிக்கு இல்லாதவரை, ஓர் அலைவரிசை நான்காகப் பிரிந்தால் திரைப்பாடல் வரிசைகள் நான்காகும் என்பதைத் தவிர வேறு மாற்றம் நேராது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து எடுத்தவர், அந்தத் தொகையை மீட்பதற்காகவே பாதுகாப்பான திரைப்பாடலை நம்ப வேண்டியிருக்கும் ஏற்பாட்டில், அந்தத் தீர்ப்பின் பொருள் நேயர் காதுக்கு வந்து சேர்வதே இல்லை.

எல்லாம்தான் இணையத்தில் வருகிறதே, செல்போனில் கேட்டுக்கொள்ளலாமே என்பது நண்பர்கள் பலர் என்னிடம் வைக்கும் வாதம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களைச் செல்போன் எட்டவே இல்லை. தொலைவில் பாதுகாப்பாக நிற்கும் ஒரு கோபுரத்திலிருந்து மாவட்டங்களைத் தாண்டி வந்து சேரக்கூடியது மத்திய அலை. டிஆர்எம் முறையில் ஆபத்து அறிவிப்பு வரும்போது, அதற்கேற்ப வடிவமைத்த கருவி தானாகவே அந்த வரிசைக்குத் திரும்பி, குரலோடு எழுத்திலும் எச்சரிக்கை காட்ட முடியும். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மீதுள்ள பற்றுக்கு முதல் காரணம் இதுதான். ஆனால் அதன் குறையையும் சொல்ல வேண்டும். பழைய முறையில் அலை நலிந்தால் இரைச்சலுக்கு நடுவிலும் நான்கு சொல்லாவது புரியும். டிஜிட்டலில் ஓர் எல்லைக்குக் கீழே போனால் குரல் அப்படியே அறுந்துவிடும். பேட்டரியையும் அது கூடுதலாக எடுக்கும். ஆகவே கடலுக்குப் போகிறவர் கையில், இரண்டு முறையையும் எடுக்கக்கூடிய, பல நாள் பேட்டரி தாங்குகிற, ஈரம் புகாத ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியை உருவாக்கி, மானிய விலையில் படகுக்கு ஒன்றாகக் கொடுத்த பிறகு டிஜிட்டலைப் பற்றி விழா எடுக்கட்டும்.

அதுவரை பழைய மத்திய அலையை எந்த நிலையத்திலும் நிறுத்தக் கூடாது. சமுதாய வானொலிகளைப் பண்பலையிலேயே நிம்மதியாக இயங்க விட வேண்டும். எந்த நேரத்தில் எந்த வரிசையில் டிஜிட்டல் ஒலிபரப்பு வருகிறது என்பதை வானொலியிலேயே நாள்தோறும் அறிவிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டி அண்மைக் காலத்தில் வாங்கியது என்றால், திரையில் டிஆர்எம் என்ற எழுத்து இருக்கிறதா என்று இன்று மாலை பாருங்கள். இருந்தால் சென்னை வானொலியைத் தேடிப் பிடித்து, எந்த ஊர் வரை தெளிவாகக் கேட்டது, எங்கே அறுந்தது என்பதை இங்கே எழுதுங்கள். நான் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டு வருகிறேன். இப்போதைக்கு அதில் தாம்பரம் முதல் மதுராந்தகம் வரை என்னுடைய கோடு ஒன்றுதான் இருக்கிறது.