செத்த பேட்டரியை மிச்சம் பிடிக்கும் லேப்டாப்

கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் நான் வைத்திருப்பது 700 வெள்ளிக்கு வாங்கிய பழைய திங்க்பேட் லேப்டாப். பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் மறு நொடி திரை இருண்டுவிடும். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். எல்லாம் சரி, வைஃபை மட்டும் இழுக்கும்.

ஞாயிறு ராத்திரி பட்டர்வொர்த்தில் இருக்கும் அண்ணனோடு வீடியோ கால். "அம்மாவுக்குக் கால்..." என்பார், படம் அப்படியே நின்றுவிடும். பதறிப்போய் போனில் கூப்பிட்டால், "கால் வலி குறைஞ்சிருச்சுன்னுதான்டா சொன்னேன்."

லைன் பார்க்கும் தம்பி இரண்டு தடவை வந்தார். தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, "லைன் நல்லாத்தான் இருக்குண்ணே, ரௌட்டரை மாத்திப் பாருங்க" என்றார். மாற்றினேன். 180 வெள்ளி தண்டம்.

பிறகுதான் புத்தி வந்து, ஐந்தடி தள்ளியிருக்கும் ரௌட்டரையே பிங் அடித்து, அதாவது குட்டி பாக்கெட் அனுப்பி பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். 3 மில்லிசெகண்ட், 94, 178, மறுபடி 5, உடனே 211. வீட்டு வாசலையே தாண்டாத பாக்கெட்டுக்கு இந்தக் கதி!

காரணம் வைஃபை பவர் சேவ், பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டை அவ்வப்போது தூங்கவைக்கும் வசதி. ரௌட்டர் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பீக்கன் என்ற அறிவிப்பு சிக்னல் விடும். நடுவில் வைஃபை கார்டு தூங்கப் போய்விடும். அந்நேரம் வரும் பாக்கெட்டை ரௌட்டர் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்த பீக்கனில் "உனக்கு வந்திருக்கு" என்று சொல்லும். கார்டு அதைத் தவறவிட்டால் இன்னொரு பீக்கன் வரை காத்திருப்பு. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் நல்லதாக இருந்தால் பேச்சு ஓடும்போது கார்டைத் தூங்க விடாது. என்னுடையதற்கு அந்த நாகரிகம் கிடையாது.

டெர்மினலில் ஐடபிள்யூ (iw) என்ற வைஃபை கமாண்டால் பவர் சேவை ஆஃப் செய்தேன். பிங் 2, 3, 2. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். நிரந்தரமாக நிறுத்த, செட்டிங்ஸ் இருக்கும் ஈடிசி (/etc) ஃபோல்டருக்குள், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் ஃபோல்டர், அதில் கான்ஃப் டாட் டி (conf.d). அங்கே உபுண்டுவே வைத்திருக்கும் ஃபைலில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கி, நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 0 போட்டால் ஆஃப் என்றுதானே நினைப்போம்? இல்லை. 0 என்றால் 'வழக்கப்படி', 1 என்றால் 'கை வைக்காதே', 2தான் ஆஃப், 3 ஆன். யார் யோசித்த கணக்கோ.

பேட்டரியில் ஓடும்போது இந்த வசதி இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளக்கில் செருகியிருக்கும்போது எதற்கு? டிஎல்பி என்ற பவர் மேனேஜ்மென்ட் கருவி, நாம் எதையும் தொடாமலே, கரண்டில் ஓடினால் ஆஃப், பேட்டரியில் ஓடினால் ஆன் என்று வைத்துக்கொள்கிறது. அந்தச் சின்ன விவேகம் உபுண்டுவுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் என் எரிச்சல். விஷயம் தெரியாதவன் லைனைத் திட்டுவான், ரௌட்டர் வாங்குவான், கடைசியில் "லினக்ஸே இப்படித்தான்" என்று விண்டோஸுக்கு ஓடுவான்.

இப்போது அண்ணன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கேட்கிறது. நடந்ததைச் சொன்னேன். "அப்ப போன மாசம் 500 வெள்ளி கேட்டப்ப உனக்கு நெஜமாவே காதுல விழலையா?" என்றார்.

பவர் சேவ்தான் அண்ணே.