எந்த வருஷத்து வீட்டை மீட்கிறீர்கள்?

லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளை யார் படம் எடுத்துப் போட்டாலும் கீழே ‘என்ன அழகு, என்ன ஒழுங்கு’ என்று குவிந்துவிடுகிறது. அழகுதான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் லண்டன் வரிசை வீடுகளின் அந்த ஒழுங்கில் பாதி தீக்குப் பயந்து போட்ட சட்டம், மீதி லாபக் கணக்கு. 1666 பெருந்தீக்கு அடுத்த வருஷமே நகரத்துக்குள் செங்கல்லோ கல்லோதான் என்று சட்டம் வந்தது, சுவரின் கனத்தையும் அதுவே சொன்னது. 1709-ல் இன்னொன்று: ஜன்னலின் மரச்சட்டம் சுவர் முகத்திலிருந்து நாலு அங்குலம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும், தீ சட்டென்று பற்றாது. நாம் ரசிக்கிற அந்த ஜன்னலோர நிழல் அப்படி வந்ததுதான்.

கட்டியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நிலம் பெரும்பாலும் ஏதோ ஒரு பிரபுவுடையது, அதைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டி விற்பார்கள், 61 வருஷமோ 99 வருஷமோ முடிந்ததும் வீடும் நிலத்தோடு பிரபுவுக்கே போய்விடும். அப்புறம் யார் உறுதியாகக் கட்டுவார்கள்? நல்ல செங்கல்லை முகப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் மிச்சம் பிடிக்கப் பாதியாக உடைத்துப் பதித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் சுவருக்குள் குறுக்கே போவதுபோல் தெரியும், உண்மையில் பின்னாலிருக்கும் மட்டமான செங்கல்லோடு அதற்குச் சரியான பிடிப்பே இருக்காது. கோட்டுக்குள் தெரியும் இடத்தை மட்டும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. இன்றைக்கும் பல வீடுகளில் முகப்பு உப்பிக்கொண்டு வருவதற்கு இது ஒரு காரணம்.

ஜன்னல்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். பல வீடுகளில் முதல் மாடிக்குத்தான் உயரமான ஜன்னல், விருந்தினர் வரும் கூடம் அங்கே. மேலே போகப் போகச் சுருங்கும், உச்சியில் கூரைக்கடியில் வேலைக்காரப் பெண் படுக்கிற அறைக்கு ஒரு பொந்து. அவள் வேலை செய்ததோ தரைக்குக் கீழே இருந்த சமையலறையில். நடைபாதையில் வட்டமாக ஓர் இரும்பு மூடி இருக்கும், அதைத் திறந்து நிலக்கரியைக் கொட்டுவார்கள், அதை வாளி வாளியாக ஒவ்வொரு மாடிக் கணப்புக்கும் சுமந்து ஏற்ற வேண்டும், சாம்பலைத் திரும்ப இறக்க வேண்டும். வீட்டின் அளவுகளைப் புகழ்கிறவர்கள் அந்தப் படிக்கட்டை ஒரு தடவை வாளியோடு ஏறிப் பார்க்கலாம்.

சரி, எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களின் ‘பழைய நிலைக்கு மீட்டோம்’ என்ற பெருமையில். எந்தப் பழைய நிலை? ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பிரின்ஸ்லெட் தெரு 19-ஆம் எண் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1719-ல் கட்டியது, பிரான்ஸில் மதத்துக்காக விரட்டப்பட்ட ஹியூகனாட் குடும்பம் ஒன்று அங்கே பட்டு வியாபாரம் செய்தது. அந்த வட்டாரத்தில் மேல்மாடிகளில் தறி ஓடியது, வெளிச்சத்துக்காக அகல ஜன்னல் வைத்தார்கள். பட்டுத் தொழில் நொடித்தது. 1869-ல் அதே வீட்டின் பின் தோட்டத்தை மூடி யூதர்கள் தொழுகைக்கூடம் கட்டினார்கள். பின்னாளில் அந்தத் தெருக்களுக்கு இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வங்காளிகள் வந்தார்கள், தையல் மெஷின்கள் வந்தன. பக்கத்து பிரிக் லேனில் 1743-ல் ஹியூகனாட்டுகள் கட்டிய தேவாலயம் மெதடிஸ்ட் சபையாகி, யூத ஆலயமாகி, 1976-லிருந்து மசூதி. இதில் முதல் முப்பது வருஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ‘பிற்காலச் சேர்க்கை’ என்று சுரண்டி எடுத்தால் அது பாதுகாப்பா? தறியும் மெஷினும் நின்ற பலகைத் தளத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கூடத்துக்குப் பொருத்தமான சாம்பல் பச்சை வண்ணம் அடித்து, ‘அந்தக் காலத்து வீடு’ என்கிறார்கள்.

காப்பாற்றியவர்களைக் குறை சொல்லவில்லை. 1977-ல் அதே வட்டாரத்து எல்டர் தெருவில் இடிக்க நின்ற வீடுகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்ட அந்தக் கட்டிட ஆர்வலர்கள் இல்லையென்றால் இன்று பேசவே வீடு இருக்காது. ஆனால் வீடு பிழைத்ததும் விலை ஏறியது, தையல் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. விற்பனை விளம்பரத்தில் 1720-களின் பட்டு வியாபாரிக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறவர்கள், 1970-களில் அதே அறையில் தோல் ஜாக்கெட் தைத்தவருக்கு ஒரு வரியாவது எழுதட்டுமே.