இந்த வாரம் கருத்து இல்லை

(ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா நடுப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மாப்பிள்ளை ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அதுவும் இதே நாளிதழில் என்பது மாமாவின் கெட்ட நேரம்.)

மாப்பிள்ளை: பார்க்கிங்குக்குக் கட்டணம் போடப்போறாங்களாமே மாமா, என்ன நினைக்கிறீங்க?

மாமா: இந்த வாரம் ஒண்ணும் நினைக்கல மாப்ளே.

மாப்பிள்ளை: ஏன், உடம்பு சரியில்லையா?

மாமா: எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவர்தான் லீவுல போயிட்டார். 'கட்டுரையாளர் விடுப்பில் இருப்பதால் இவ்வாரம் பத்தி இடம்பெறவில்லை.' பாருங்க, இதைக்கூட என்ன நறுக்குன்னு எழுதியிருக்கார்!

மாப்பிள்ளை: அது நான் எழுதினது மாமா.

மாமா: (கொஞ்ச நேரம் பேசவில்லை) சரி, அதை விடுங்க. போன மாசம் குப்பை வரியைப் பத்தி 'பொறுத்தது போதும்'னு தலைப்பு வெச்சாரே, அந்த நெஞ்சழுத்தம் வேற யாருக்கு வரும்? தலைப்பைப் பார்த்ததுமே நான் முடிவுக்கு வந்துட்டேன்.

மாப்பிள்ளை: தலைப்பெல்லாம் எங்க டெஸ்க் வைக்கிறது. அவர் அனுப்பினது 'குப்பை வரி குறித்துச் சில ஐயங்கள்'. ராத்திரி பத்தரை மணி, பக்கம் அச்சுக்குப் போகணும், இருந்த இடத்துல பெரிய எழுத்துல ரெண்டு சொல்தான் அடங்கும். ஐயத்தை எடுத்துட்டோம்.

மாமா: அவருக்கு ஐயமா? உள்ள அனலா பறந்துச்சே!

மாப்பிள்ளை: கடைசிப் பாரா 'இருப்பினும்'னு ஆரம்பிச்சுது. நிர்வாகம் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, பொறுத்துப் பார்க்கலாம்னு முடிச்சிருந்தார். கடைசி நேரத்துல ஒரு மெத்தை விளம்பரம் வந்துச்சு. இடம் வேணுமே, கீழேயிருந்து வெட்டிட்டோம்.

மாமா: அப்போ ஒரு மாசமா நான் வீடு வீடா ஏறி வரியை எதிர்த்தது?

மாப்பிள்ளை: மெத்தைக்காரங்க புண்ணியம்.

மாமா: கிண்டல் பண்ணாதீங்க மாப்ளே. பத்திரிகை எழுத்துக்குச் சக்தி இல்லன்னா, 1898ல பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலா எழுதின ஒரே ஒரு பகிரங்கக் கடிதத்துக்கு பிரான்ஸ் ஏன் ரெண்டுபட்டுச்சு?

மாப்பிள்ளை: இதையும் அவர்தான் எழுதியிருந்தாரா?

மாமா: பின்ன?

மாப்பிள்ளை: நிஜம்தான். ஆனா சோலா மேல அவதூறு வழக்குப் போட்டாங்க, மனுஷன் இங்கிலாந்துக்கு ஓடினார். அவர் யாருக்காக எழுதினாரோ, தேசத்துரோகின்னு அநியாயமா தண்டிச்ச அந்த ராணுவ அதிகாரி ட்ரைஃபஸ் நிரபராதின்னு தீர்ப்பு வந்தது 1906ல. சோலா போய்ச் சேர்ந்தது 1902லயே.

மாமா: அப்போ எழுதினா ஒண்ணும் நடக்காதுங்கறீங்க.

மாப்பிள்ளை: அப்படியும் சொல்ல முடியல. 2018ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல 3,500க்கும் மேல ஆளுங்களை வெச்சு, சிலருக்கு மட்டும் நடுப்பக்கக் கட்டுரையைப் படிக்கக் குடுத்தாங்க. படிச்சவங்க கருத்து நல்லாவே நகர்ந்துச்சு. ஒரு மாசம் கழிச்சுக் கேட்டப்பவும் அதுல ஒரு பங்கு அப்படியே நின்னுச்சு. எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் சரி.

மாமா: (மீசையைத் தடவி) பாத்தீங்களா!

மாப்பிள்ளை: ஆனா 1948 அமெரிக்கத் தேர்தலுக்கு முன்னாடி நியூஸ்வீக் 50 அரசியல் எழுத்தாளர்களைக் கேட்டுச்சு. அம்பது பேரும் ட்யூயிதான் ஜெயிப்பார்னாங்க. ஜெயிச்சது ட்ரூமன்.

மாமா: ஒருத்தர்கூடவா சரியாச் சொல்லல? அப்புறம் அந்த அம்பது பேர் கதி?

மாப்பிள்ளை: கதி என்ன கதி? ட்ரூமன் ஏன் ஜெயிச்சார்னு உக்காந்து எழுதியிருப்பாங்க.

மாமா: நான் தப்பாச் சொன்னா மட்டும் உங்க அத்தை பத்து வருஷம் ஞாபகம் வெச்சிருக்கா.

மாப்பிள்ளை: 2016லயும் பாருங்க. அங்க அதிகம் விக்கிற 100 நாளிதழ்கள்ல ட்ரம்புக்கு ஆதரவாத் தலையங்கம் எழுதினது ரெண்டே ரெண்டு. என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

மாமா: அப்போ ஜனங்க யார் பேச்சைத்தான் கேக்கறாங்க?

மாப்பிள்ளை: 1940 அமெரிக்கத் தேர்தலப்போ லாசர்ஸ்ஃபெல்டுங்கிற சமூகவியல் ஆய்வாளரும் அவர் குழுவும் ஒஹாயோ மாநிலத்துல ஈரி கவுண்டிங்கிற பகுதியில மாசக்கணக்கா விசாரிச்சாங்க. பேப்பரும் ரேடியோவும் நேரா மாத்தினது கொஞ்சம்தானாம். ஊருக்கு நாலு பேர் விழுந்து விழுந்து படிக்கிறாங்க. மத்தவங்க அவங்க வாயிலேர்ந்து கேட்டுக்கறாங்க.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) அதாவது, என்னை மாதிரி ஆளுங்க.

மாப்பிள்ளை: சாட்சாத் உங்களை மாதிரி ஆளுங்க.

(போன் அடிக்கிறது. மாமா எடுக்கிறார்.)

மாமா: சொல்லுங்க சார்... பார்க்கிங் கட்டணமா? (போனைப் பொத்திக்கொண்டு) எதிர்வீட்டுக்காரர். நான் சொல்றதைத்தான் ஆபீஸ்ல போய்ச் சொல்வார். சீக்கிரம் சொல்லுங்க, சரியா தப்பா?

மாப்பிள்ளை: எனக்கெப்படித் தெரியும்? தலைப்பு வேணும்னா தர்றேன்.

மாமா: அதையாவது குடுங்க!

மாப்பிள்ளை: 'நின்றால் குற்றமா?'

மாமா: (போனில், கணீரென்று) நின்றால் குற்றமா சார்? நான் கேக்கறேன், நின்றால் குற்றமா? தெருவுல ஓடற வண்டி எங்கயாவது நின்னுதானே ஆகணும்? ஆமா... ஆமா, தாராளமா என் பேரைச் சொல்லுங்க. இருப்பினும்... ஹலோ? ஹலோ?

மாப்பிள்ளை: என்ன ஆச்சு மாமா?

மாமா: வேற கால் வருதுன்னு வெச்சுட்டார்.